ஆயிரம் மாவட்டம், ஒரு சங்கம்: டெக்சாஸ் பள்ளி சூப்பரின்டெண்டன்ட்கள் ஏன் ஒன்று சேர்ந்தார்கள்?

டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகர். திங்கட்கிழமை இரவு, பள்ளி வாரியக் கூட்டம். பிள்ளைகள் குறைந்துகொண்டே போகும் ஒரு தொடக்கப்பள்ளியை மூடிவிடலாமா என்பதுதான் அன்றைய பேச்சு. நாற்காலிகள் நிரம்பி, சுவரோரமாகவும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பேச வரும் பெற்றோருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். மைக் பக்கத்தில் ஒரு சின்ன விளக்குப் பெட்டி. பச்சை எரியும், அப்புறம் மஞ்சள், சிவப்பு வந்தால் முடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதி வந்த காகிதத்தைப் பாதிதான் படித்திருந்தான், சிவப்பு வந்துவிட்டது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதுரைக்கார அக்கா குனிந்து கேட்டார்: "முடிவு பண்றது இவங்கதானா, இல்ல இவங்களுக்கு மேல யாராவது இருக்காங்களா தம்பி?"

அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது சூப்பரின்டெண்டன்ட் நடைபாதையில் நின்று பெற்றோரிடம் பேசிக்கொண்டிருந்தார். களைத்த முகம். "போன வாரம் முழுக்க, ஏற்கெனவே பள்ளிகளை மூடின மற்ற மாவட்டத்து சூப்பரின்டெண்டன்ட்களோட போன்லதான் இருந்தேன்" என்றார். அவர்களை எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டார்கள். சூப்பரின்டெண்டன்ட்களுக்கான மாநிலச் சங்கத்தில் பழக்கம் என்றார். அந்தச் சங்கத்தைப் பற்றி அதன் பிறகு தேடிப் படித்ததும், அக்காவுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சூப்பரின்டெண்டன்ட் என்றால் யார் என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் கண்காணிப்பாளர் நினைவுக்கு வருவார். பள்ளிக்கல்வி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். அவரை அரசு நியமிக்கும், அரசு மாற்றும், கொள்கை சென்னையில் முடிவாகும். அமெரிக்கச் சூப்பரின்டெண்டன்ட் அந்த வரிசையில் வருபவரே அல்ல. டெக்சாஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனி அமைப்பு. சொந்தமாகச் சொத்து வரி போடும், கடன்பத்திரம் வெளியிடும், பேருந்து ஓட்டும், சாப்பாடு போடும், ஆசிரியரை வேலைக்கு எடுக்கும். பெரும்பாலான மாவட்டங்களில் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஏழு பேர் வாரியத்தில் இருப்பார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் பல் டாக்டர், காப்பீட்டு ஏஜென்ட், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா என்று வேறு வேறு வேலையில் இருப்பவர்கள். மாவட்டத்தை நடத்த அவர்கள் ஒரே ஒருவரை நேரடியாக வேலைக்கு வைக்கிறார்கள். அவர்தான் சூப்பரின்டெண்டன்ட். ஒப்பந்தம் அதிகபட்சம் ஐந்து வருடம். அடுத்த தேர்தலில் வாரியம் மாறினால் அவர் வேலையும் ஆட்டம் காணும்.

ஆக, அக்காவின் கேள்விக்கு ஒரு பாதிப் பதில்: ஆமாம், பள்ளியை மூடுவதா என்பதை இந்த ஏழு பேர்தான் முடிவு செய்கிறார்கள். ஆனால் எவ்வளவு பணம் வரும், எந்தத் தேர்வு வைக்க வேண்டும், எந்த மதிப்பெண் எடுத்தால் பள்ளிக்கு எந்தத் தரம் என்பதெல்லாம் மாநிலத் தலைநகரம் ஆஸ்டினில் இருக்கும் சட்டமன்றத்திலும் மாநிலக் கல்வி முகமையிலும் முடிவாகின்றன. சூப்பரின்டெண்டன்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

இந்த வேலையின் தனிமையை வெளியிலிருந்து பார்த்துப் புரிந்துகொள்வது கஷ்டம். ஒரு பள்ளியில் நாற்பது ஆசிரியர் இருந்தால் ஒருவருக்கொருவர் துணை. தலைமையாசிரியருக்குப் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர் உண்டு. சூப்பரின்டெண்டன்ட் ஒரு மாவட்டத்துக்கு ஒருவர்தான். கீழே இருப்பவர்களிடம் குழப்பத்தைக் காட்ட முடியாது. மேலே இருக்கும் வாரியம் அவரை வேலைக்கு வைத்த வாரியம், அவர்களிடம் "எனக்கு வழி தெரியவில்லை" என்று எத்தனை முறை சொல்ல முடியும்? 2021 ஆகஸ்டில் இது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பள்ளிகள் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்று ஆளுநர் கிரெக் அபாட் ஆணை போட்டிருந்தார். டெல்டா வகைக் கொரோனா ஏறிக்கொண்டிருந்தது. டல்லாஸ் சூப்பரின்டெண்டன்ட் மைக்கேல் ஹினோஹோசா ஆணையை மீறி முகக்கவசம் கட்டாயம் என்று அறிவித்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய நகரம் இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள். முன்னூறு பிள்ளைகள் படிக்கும் ஒரு மேற்கு டெக்சாஸ் மாவட்டத்தில் சூப்பரின்டெண்டன்ட்டே சில நாள் பேருந்து ஓட்டுவார், மதிய உணவுக் கூடத்தில் மேற்பார்வைக்கு நிற்பார். அங்கே அதே முடிவை எடுக்க வேண்டியவர் யாரைக் கேட்பார்?

இந்தக் கேள்வி புதிதல்ல. அமெரிக்காவில் முதல் நகரப் பள்ளிச் சூப்பரின்டெண்டன்ட்கள் 1837-ல் பஃபலோவிலும் லூயிவில்லிலும் வந்தார்கள். 1865-ல், உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க்கில் சூப்பரின்டெண்டன்ட்கள் கூடித் தேசியச் சங்கம் தொடங்கினார்கள். அது ஐந்து வருடத்தில் ஆசிரியர் சங்கத்தின் ஒரு பிரிவாகி, நூறு வருடம் அதற்குள்ளேயே இருந்துவிட்டுப் பிறகு பிரிந்தது. இன்று ஆஸா என்ற பெயரில் தேசிய அளவில் இயங்குவது அதுதான். ஆனால் அமெரிக்க அரசமைப்பில் கல்வி மாநிலத்தின் பொறுப்பு. உண்மையான அதிகாரம் மாநிலத் தலைநகரத்தில் இருப்பதால் சங்கமும் மாநிலத்துக்கு ஒன்று தேவைப்பட்டது. மாநிலம் முழுவதும் ஒரே கல்வி மாவட்டமாக இருக்கும் ஹவாயில் இதற்கெல்லாம் அவசியம் குறைவு. டெக்சாஸில் அவசியம் ரொம்பவே அதிகம். டெக்சாஸ் பள்ளி நிர்வாகிகள் சங்கம், சுருக்கமாக டாசா, 1925-ல் உருவானது.

இது தொழிற்சங்கம் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். டெக்சாஸ் சட்டப்படி பள்ளி ஊழியர்கள் கூட்டாகச் சம்பளப் பேரம் பேச முடியாது, வேலைநிறுத்தமும் செய்ய முடியாது. சூப்பரின்டெண்டன்ட் அவரவர் வாரியத்தோடு தனித்தனியாகத்தான் ஒப்பந்தம் போடுகிறார். வாரிய உறுப்பினர்களுக்கு டாஸ்பி என்ற இன்னொரு பெரிய சங்கம் இருக்கிறது. முதலாளி தரப்புக்கு ஒன்று, அவர்கள் வேலைக்கு வைத்தவருக்கு ஒன்று. ஆனாலும் வருடா வருடம் இலையுதிர் காலத்தில் இரண்டும் சேர்ந்தே ஒரு மாநாடு நடத்துகின்றன. ஆரம்பத்தில் எனக்கு இது விசித்திரமாகப் பட்டது. யோசித்துப் பார்த்தால், மாவட்டம் நன்றாக ஓடுகிறதா இல்லையா என்பது இந்த இரண்டு தரப்பும் ஒத்துப்போவதில்தான் இருக்கிறது.

சங்கத்தின் அன்றாட வேலை பெரும்பாலும் பயிற்சிதான். முதல்முறையாகப் பதவிக்கு வந்தவர்களுக்கென்றே டாசா ஒரு பயிற்சித் தொடர் நடத்துகிறது. புதியவர்கள் முதல் வருடம் அனுபவசாலி ஒருவரின் வழிகாட்டுதலில் இருக்க வேண்டும் என்பது மாநில விதி. நல்ல விதி. ஏனென்றால் இந்தப் பதவிக்கு வருகிறவர் அநேகமாகத் தலைமையாசிரியராக இருந்து வந்தவர். பாடத்திட்டம் தெரியும், பிள்ளைகளைத் தெரியும். கடன்பத்திரம் வெளியிட ஊர் மக்களிடம் ஓட்டுக் கேட்கும் தேர்தலை எப்படி நடத்துவது, கூட்டத்தில் வாரிய உறுப்பினர் ஒருவர் கோபமாக எழுந்து போனால் மறுநாள் காலை என்ன செய்வது, பேருந்து விபத்தில் ஒரு குழந்தை இறந்த வீட்டுக்குப் போய் என்ன பேசுவது என்பதெல்லாம் எந்தச் சான்றிதழ்ப் படிப்பிலும் முழுசாக வராது. அதைச் செய்து பார்த்த இன்னொருவர்தான் சொல்லித்தர முடியும். அன்று நடைபாதையில் எங்கள் சூப்பரின்டெண்டன்ட் அம்மா சொன்ன போன் பேச்சு இந்த வகைதான். எந்தப் பள்ளியை மூடுவது என்று வெளியே அறிவிக்கும் முன்பே மூடப்போகும் பள்ளியின் ஆசிரியர்களிடம் நேரில் சொல்லிவிட வேண்டும், செய்தியில் பார்த்துத் தெரிந்துகொண்டால் அவர்கள் மன்னிக்கவே மாட்டார்கள் என்று ஒரு சூப்பரின்டெண்டன்ட் எச்சரித்தாராம். தானும் அப்படித்தான் செய்ததாக எங்கள் சூப்பரின்டெண்டன்ட் சொன்னார்.

இன்னொன்றையும் கவனித்தேன். அமெரிக்கப் பொதுப்பள்ளி ஆசிரியர்களில் நான்கில் மூன்று பேர் பெண்கள். சூப்பரின்டெண்டன்ட்களில் பெண்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர். 1909-லேயே எல்லா ஃப்ளாக் யங் சிகாகோவின் சூப்பரின்டெண்டன்ட் ஆகிவிட்டார், பெரிய நகரம் ஒன்றுக்கு முதல் பெண். நூறு வருடத்துக்கு மேலாகியும் கணக்கு இவ்வளவுதான் நகர்ந்திருக்கிறது. யார் யாருக்குப் போன் பண்ண முடியும், யார் பெயரை யார் பரிந்துரைப்பார்கள் என்பது இந்தத் தொழிலில் பெரிய விஷயம் என்பதால், பழைய பழக்கத்தின் வட்டம் சின்னதாக இருந்தால் அதன் பலனும் சின்ன வட்டத்துக்கே போய்ச் சேரும். சங்கங்கள் இதில் இன்னும் நிறையச் செய்ய வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, சட்டமன்றத்துக்கு வருவோம். டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை வருட ஜனவரியில் கூடி 140 நாளில் வழக்கமான கூட்டத்தை முடித்துக்கொள்ளும். அந்த 140 நாளில் ஆயிரக்கணக்கான மசோதாக்கள் வரும். அவற்றில் பள்ளிகளைத் தொடுபவை எவை, எந்த மசோதாவின் எந்தப் பிரிவு நடைமுறையில் என்ன செய்யும் என்று படித்துச் சொல்வதற்கு ஒரு சூப்பரின்டெண்டன்ட்டுக்கு நேரம் ஏது? சங்கம் படிக்கிறது, கணக்குப் போடுகிறது, குழு விசாரணைக்கு யார் போய்ச் சாட்சி சொல்வது என்று ஏற்பாடு செய்கிறது. அங்கேயும் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான். ஆறு மணி நேரம் காரோட்டி வந்து, நள்ளிரவு வரை வரிசையில் காத்திருந்து, இரண்டு நிமிடம் பேசிவிட்டுத் திரும்பும் சூப்பரின்டெண்டன்ட்கள் உண்டு.

எதைப் பேசுவது என்பதில்தான் சிக்கல். டெக்சாஸில் பள்ளிப் பணம் என்பது ஊருக்கு ஊர் வேறு கதை. சான் ஆன்டோனியோவின் எட்ஜ்வுட் மாவட்டத்து ஏழை மெக்சிகன் அமெரிக்கப் பெற்றோர் இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்ற கணக்கில் தோற்றது. அவர்கள் விடவில்லை. 1984-ல் மாநில நீதிமன்றத்தில் மறுபடி வழக்கு. 1989-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக எட்ஜ்வுட் பக்கம் தீர்ப்பளித்தது. இழுபறிக்குப் பின் 1993-ல் வந்த ஏற்பாட்டைத்தான் ஊரில் 'ராபின் ஹூட்' என்கிறார்கள். சொத்து மதிப்பு அதிகமுள்ள மாவட்டம் வசூலித்த வரியில் ஒரு பங்கை மாநிலத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த, பிள்ளைகள் குறைந்த விங்க்-லவிங் மாவட்டமும் கட்டுகிறது. ஏழைப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் ஆஸ்டின் மாவட்டமும், வீட்டு விலை எகிறிவிட்டதால், கோடிக் கணக்கில் கட்டுகிறது.

இப்போது ஒரே சங்கத்தில் கட்டுகிற மாவட்டமும் வாங்குகிற மாவட்டமும் உறுப்பினர்கள். பணம் பங்கிடும் சூத்திரத்தை இப்படி மாற்று என்று சங்கம் ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பேருக்கு லாபம், பாதிப் பேருக்கு நஷ்டம். அதனால்தான் ஏழை மாவட்டங்களுக்கு ஈக்விட்டி சென்டர், கட்டுகிற மாவட்டங்களுக்கு டெக்சாஸ் ஸ்கூல் கோயலிஷன், வேகமாக வளரும் மாவட்டங்களுக்கு ஒன்று, கிராமப்புறத்துக்கு ஒன்று என்று தனித்தனி அமைப்புகள் முளைத்தன. 2011-ல் சட்டமன்றம் பள்ளிகளிடமிருந்து 540 கோடி டாலரை வெட்டியபோது 600-க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் நீதிமன்றம் போயின, ஆனால் ஒரே அணியாகப் போகவில்லை, பல அணிகளாகப் போயின. 2016-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், இந்த முறையில் குறைகள் நிறைய இருந்தாலும் அரசமைப்புக்கு விரோதமில்லை என்று முடித்துவிட்டது. டாசா போன்ற பொதுச் சங்கம் இந்த விஷயத்தில் உரக்கச் சொல்ல முடிவது எல்லோருக்கும் பொதுவான ஒன்றைத்தான்: பங்கை எப்படிப் பிரித்தாலும் பிரியுங்கள், மொத்தத்தைப் பெரிதாக்குங்கள்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே இடத்தில் வலித்தால் என்ன நடக்கும்? 2012-ல் நடந்தது அதுதான்.

அந்த வருடம் டெக்சாஸில் ஸ்டார் என்ற புதிய தேர்வு முறை அமலுக்கு வந்தது. உயர்நிலைப் பள்ளியில் மட்டும் 15 பாட இறுதித் தேர்வுகள். ஒவ்வொரு தேர்வின் மதிப்பெண்ணும் அந்தப் பாடத்தின் மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதம். தேர்வு தயாரிக்கும் பியர்சன் நிறுவனத்தோடு ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 50 கோடி டாலர் ஒப்பந்தம். அதே சமயம்தான் 540 கோடி வெட்டு, ஆசிரியர்கள் வேலை போய் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜனவரி இறுதியில் ஆஸ்டினில் டாசாவின் குளிர்கால மாநாடு. மாநிலக் கல்வி ஆணையர் ராபர்ட் ஸ்காட் பேச வந்தார். தேர்வு முறையை நடத்துகிற அதிகாரியே அவர்தான். ஆயிரக்கணக்கான பள்ளி நிர்வாகிகள் முன்னால் நின்று, இந்தத் தேர்வு முறை எதற்காகக் கொண்டுவரப்பட்டதோ அதிலிருந்து திரிந்து போய்விட்டது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த மண்டபத்தில் இருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். வருடக்கணக்காகத் தங்கள் ஊரில், மூடிய அறையில் மட்டும் முணுமுணுத்ததை மேலதிகாரியே மேடையில் சொல்லிவிட்டார். அடுத்த சில வாரத்தில், அளவுக்கு மீறிய தேர்வைக் கைவிடுங்கள் என்று கேட்கும் தீர்மானம் ஒன்று வாரியம் வாரியமாகப் போனது. பஞ்சுக்காட்டு ஊர், எண்ணெய் ஊர், எல்லையோர ஊர், பணக்காரப் புறநகர் என்று வித்தியாசமில்லாமல் நிறைவேற்றினார்கள். முடிவில் 800-க்கும் மேற்பட்ட வாரியங்கள். ராபின் ஹூட் பணத்தில் எதிரெதிரே நின்ற மாவட்டங்கள் ஒரே வாசகத்துக்குக் கை தூக்கின.

இதோடு நின்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. சூப்பரின்டெண்டன்ட்களுக்குத் தங்கள் பள்ளிக்கு மோசமான தரம் வருவது பிடிக்கவில்லை, அதனால் தேர்வை எதிர்க்கிறார்கள் என்று சட்டமன்றத்தில் சுலபமாகத் தள்ளிவிட்டிருப்பார்கள். தள்ள முடியாமல் செய்தவர்கள் பெற்றோர். டாம்சா என்ற பெற்றோர் அமைப்பு அப்போதுதான் உருவாகியிருந்தது, முக்கியமாக அம்மாக்கள். அவர்கள் சட்டத்தை வரி வரியாகப் படித்துக்கொண்டு, பிள்ளைகளின் தேர்வு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு உறுப்பினர்களின் அலுவலகங்களில் போய் உட்கார்ந்தார்கள். சங்கத்திடம் கணக்கு இருந்தது, அம்மாக்களிடம் ஓட்டு இருந்தது. 2013-ல் வந்த ஐந்தாம் எண் மசோதா 15 தேர்வுகளை ஐந்தாகக் குறைத்தது, 15 சதவீத விதியை எடுத்தே விட்டது. அப்போதைய ஆளுநர் ரிக் பெர்ரி ஜூனில் கையெழுத்திட்டார். இப்போது அந்த ஸ்டார் தேர்வே 2027-28-ல் போய், அதற்குப் பதிலாக மூன்று சின்னத் தேர்வுகள் வர இருக்கின்றன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது வவுச்சர் கதை.

தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அரசுப் பணம் தரும் திட்டத்தை டெக்சாஸில் பல வருடம் தடுத்து நிறுத்தியவர்கள் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மட்டுமல்ல, கிராமப்புறக் குடியரசுக் கட்சி உறுப்பினர்களும்தான். காரணம் எளிது. மேற்கு டெக்சாஸின் ஒரு சின்ன ஊரில் தனியார் பள்ளியே கிடையாது. ஊரில் அதிகம் பேருக்கு வேலை தருவது பள்ளி மாவட்டம். வெள்ளிக்கிழமை இரவு ஊரே கூடுவது பள்ளிக் கால்பந்து மைதானத்தில். அந்தத் தொகுதி உறுப்பினர் ஊருக்கு வந்தால் முதலில் காபி குடிப்பது சூப்பரின்டெண்டன்ட்டோடு. இந்த உறவுதான் சங்கத்தின் பலமாக இருந்தது. 2023 நவம்பர் 17 அன்று கீழவையில் வவுச்சர் பகுதியை மசோதாவிலிருந்து நீக்கும் திருத்தம் 84-க்கு 63 என்று வென்றது. 21 குடியரசுக் கட்சியினர் சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள்.

ஆளுநர் அபாட் அடுத்த வசந்தத்தில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் அந்த உறுப்பினர்களுக்கு எதிராக நேரடியாக இறங்கினார். வெளி மாநிலக் கோடீஸ்வரர் ஒருவரிடமிருந்து மட்டுமே 60 லட்சம் டாலர் அவருக்கு வந்தது. சிலர் போட்டியிடாமல் ஒதுங்கினார்கள், பலர் தோற்றார்கள். 2025 ஏப்ரலில் அதே கீழவை 86-க்கு 61 என்று வவுச்சரை நிறைவேற்றியது. மே 3 அன்று கையெழுத்து, தொடக்கத்தில் 100 கோடி டாலர். சங்கம் தன்னிடம் இருந்த எல்லாக் கணக்கையும் வைத்துப் பேசிப் பார்த்தது. சூப்பரின்டெண்டன்ட் சொன்னால் உறுப்பினர் கேட்பார், ஏனென்றால் ஊர் சூப்பரின்டெண்டன்ட் பக்கம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பலம் இருந்தது. உட்கட்சித் தேர்தலுக்கு வந்த வாக்காளர்களோ வேறு விஷயங்களுக்கு ஓட்டுப் போட்டார்கள். எல்லைப் பிரச்சினை பற்றிய விளம்பரங்களே அந்தப் பிரச்சாரத்தில் அதிகம் ஓடின. பள்ளியை நேசிக்கும் பெற்றோர் பலர் அந்தத் தேர்தலுக்கு வரவே இல்லை. டெக்சாஸில் நவம்பர் தேர்தலைவிட மார்ச் உட்கட்சித் தேர்தலில் கூட்டம் எப்போதும் குறைவுதான்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. இந்தச் சங்கத்துக்கு என்று சொந்தமாக ஓட்டு வங்கி கிடையாது, வேலைநிறுத்தம் கிடையாது, பெரிய தேர்தல் நிதி கிடையாது. அதனிடம் இருப்பது தகவல். ஆயிரம் மாவட்டத்தில் நாளைக் காலை என்ன நடக்கும் என்ற தகவல். அதைப் பெற்றோர் கையில் எடுத்தால் சட்டம் மாறுகிறது. எடுக்காவிட்டால் சங்கம் சாட்சி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறது.

சங்கத்தின்மேல் உள்ள புகாரையும் சொல்ல வேண்டும். உறுப்பினர் சந்தா அநேகமாக மாவட்டத்தின் பணத்திலிருந்துதான் போகிறது, அதாவது நம் சொத்து வரியிலிருந்து. வரிப்பணத்தை வாங்கிக்கொண்டு வரிப்பணத்துக்காகவே அரசிடம் வாதாடுவது சரியா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளாட்சிப் பணத்தில் இப்படி வாதாடுவதைத் தடுக்கும் மசோதா 2019-ல் மேலவையில் நிறைவேறி, கீழவையில் தோற்றது. அதன் பிறகும் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. சந்தா எவ்வளவு, அதற்கு என்ன கிடைக்கிறது என்பதை ஒவ்வொரு மாவட்டமும் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆனால் தடை வந்தால் ஆஸ்டினில் பேச்சு நிற்கப்போவதில்லை. தேர்வு விற்கும் நிறுவனமும் மென்பொருள் விற்கும் நிறுவனமும் தங்கள் ஆட்களை அனுப்பிக்கொண்டுதான் இருப்பார்கள். முன்னூறு பிள்ளைகள் உள்ள மாவட்டத்துக்குத்தான் ஆள் இல்லாமல் போகும். தனித்தனியாகப் பேசுவதும் ஆபத்தாகிவிட்டது. 2024 தொடக்கத்தில் மாநில அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன், தேர்தலில் மாவட்ட வளங்களைப் பயன்படுத்திப் பக்கம் சாய்ந்ததாகச் சொல்லிப் பல மாவட்டங்கள்மீது வழக்குப் போட்டார். அதற்குப் பிறகு ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பக்கூட சூப்பரின்டெண்டன்ட்கள் வக்கீலைக் கேட்கிறார்கள்.

இனி அந்தத் தொடக்கப்பள்ளிக்கு வருகிறேன். அது மூடப்படுவதற்குக் காரணமாகத் திரையில் காட்டிய கணக்கு, இப்போது யோசித்தால், ஆஸ்டின் கணக்கும்தான். மாநிலம் ஒரு பிள்ளைக்குத் தரும் அடிப்படை ஒதுக்கீடு 2019-ல் 6,160 டாலர். பதிவேட்டில் பெயர் இருந்தால் போதாது, பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும், வருகைக் கணக்கில்தான் பணம். ஆறு வருடம் அந்த 6,160 அசையவில்லை. நடுவில் விலைவாசி ஏறியதைப் பார்த்தால், 2019-ல் அந்தப் பணம் வாங்கியதை 2025-ல் வாங்க 7,500 டாலருக்கு மேல் வேண்டும். சங்கம் கேட்டது இதைத்தான்: அடிப்படை ஒதுக்கீட்டை விலைவாசியோடு ஏற்றுங்கள், எதற்குச் செலவு செய்வது என்பதை ஊர் முடிவு செய்யட்டும். 2025-ல் 850 கோடி டாலர் தொகுப்பு வந்தது, ஆசிரியர் சம்பளம் நிஜமாகவே உயர்ந்தது, அது பெரிய விஷயம். அடிப்படை ஒதுக்கீட்டில் ஏறியதோ 55 டாலர். மிச்சப் பணம் பெரும்பாலும் இன்னின்னதற்கு என்று முத்திரை குத்தி வந்தது. பேருந்து, மின்கட்டணம், காப்பீடு போன்ற செலவுகளுக்கென்று தனி முத்திரையோடு வந்தது ஒரு பிள்ளைக்கு 106 டாலர்தான். அரைகுறையாக நிரம்பிய ஒரு பள்ளிக்கட்டடத்துக்குக் குளிர்சாதனம் போடும் செலவு கடைசியில் இந்தச் சின்னத் தொகைகளுக்குள்தான் வந்து நிற்கிறது.

பள்ளி மூடப்பட்டது. ஏழு பேரில் ஐந்து பேர் கை தூக்கினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அக்காவை இந்தியக் கடையில் பார்த்தேன். கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்தார். அன்று கேட்ட கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லி, வாரியம், ஆஸ்டின், சங்கம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சட்டமன்றம் அடுத்து எப்போது கூடும் என்றார். 2027 ஜனவரி 12 என்றேன். அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் பல வாரியங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலை நிறைவேற்றி ஆஸ்டினுக்கு அனுப்பும், சங்கத்தின் பட்டியலும் அநேகமாக அப்போதே தயாராகும் என்றும் சொன்னேன்.

"அந்தப் பட்டியல் போடுற கூட்டத்துலயும் மூணு நிமிஷம் குடுப்பாங்கள்ல?" என்றார்.

கொடுப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு முன்னால் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். போனை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டார்.